தீராத சோப்பு பாட்டில்

பச்சைக் குழந்தை ஏன் செத்தது என்று கேட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு பதில் தயாராக இருக்கும். மாமியாரைக் கேட்டால், மருமகள் கிரகணத்தன்று வெளியே போனாள் என்பாள். மருமகளைக் கேட்டால், மாமியாரின் கண் என்பாள். ஆம்புலன்ஸ் டிரைவரைக் கேட்டால் சிக்னல் என்பார். வார்டு கிளார்க்கைக் கேட்டால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்.

நான் அந்தப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்தேன். பிறந்து ஒரு மாதம் ஆகாத, உடம்பு சரியில்லாத குழந்தைகளை வைத்துப் பார்க்கிற பிரிவு அது. 'பெருமைக்குச் சொல்லவில்லை' என்று சிலர் பேச ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்: பெங்களூரில் அவ்வளவு சுத்தமான தரையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் எந்தக் குழந்தை எதனால் போகும் என்பது பார்த்துப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. மாதம் நிறையாமல் பிறந்ததற்கு மூச்சுப்பை ஒட்டிக்கொண்டிருக்கும், விரியாது. பிறந்ததும் அழாததற்கு மூளைக்குக் காற்று போய்ச் சேர்ந்திருக்காது. சரியாகத் துணி சுற்றாமல் ஆட்டோவில் கொண்டுவந்தால், வருவதற்குள் உடம்பு ஜில்லிட்டுப்போயிருக்கும். இதெல்லாம் குழந்தையோடு கூடவே வருகிற காரணங்கள். அவற்றுக்கு நான் என்ன செய்ய முடியும்?

இன்னொரு காரணம் இருக்கிறது. அது எங்களிடம் வந்த பிறகு பிடிப்பது. கிருமி. அதற்குத்தான் நான் இருந்தேன்.

உள்ளே வருகிற ஒவ்வொருவரும் வாசல் தொட்டியில் கை கழுவ வேண்டும். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்ற வேண்டும். முழங்கை வரை சோப்பு போட்டு, நான் நாற்பது எண்ணி முடிக்கும் வரை தேய்க்க வேண்டும். தமிழாளுக்குத் தமிழில் எண்ணுவேன். மற்றவர்களுக்குக் கன்னடத்தில் எண்ணுவேன். பெரிய டாக்டரே ஆனாலும் இருபத்தைந்தில் கையை எடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே கழுவுவார்.

தொட்டிக்கு மேலே, முழங்கையால் அழுத்துகிற வெள்ளை பாட்டில் ஒன்று நாலு வருஷமாக இருந்தது. மற்ற வார்டுகளில் சோப்பு தீர்ந்துபோகும். ஸ்டோரில் கேட்டால் திங்கட்கிழமை வா என்பார்கள். என் பாட்டில் ஒரு நாளும் தீர்ந்ததில்லை. பாதி குறைந்தவுடனே கேனிலிருந்து ஊற்றி நிரப்பிவிடுவேன். கேன் வரத் தாமதமானால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்குவேன். நுரை வரும். வீட்டில் எல்லோரும் செய்கிறதுதானே. "எப்படியாவது மேனேஜ் பண்ணுங்க ஆயாம்மா" என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொல்வார். நான் மேனேஜ் பண்ணினேன். வேறு மாடியிலிருந்து பார்க்க வருகிறவர்களிடம், "எங்க ஆயாம்மா பாட்டில் அட்சய பாத்திரம்" என்று சிஸ்டர் காட்டுவார். நான் ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். அப்படி நிற்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

என்னோடு இன்னொரு ஆயா இருந்தாள். ஒக்கலிபுரத்துக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், காண்டிராக்டில் வந்தவள். அவளுக்கு சோப்பு பட்டால் உள்ளங்கை தோல் உரியும். அதனால் சோப்பைத் தொடவே மாட்டாள். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிரிட்டை இரண்டு சொட்டு எடுத்துக் கையில் தேய்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"தண்ணி படாத கையி, கையாடி அது?" என்று நான் கேட்பேன்.

"டாக்டரே இது போதும்னுதான் மாட்டி வெச்சிக்கீறாரு அக்கா."

"அது டாக்டருக்கு. உனக்கு இல்ல."

அவளை சோம்பேறி என்று நான் சொல்லாத ஆளே அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது.

அந்த மழைக்காலத்தில் மூன்று குழந்தைகள் போயின. சாகிற நிலையில் வந்த குழந்தைகள் இல்லை. எடை ஏறிக்கொண்டிருந்தவை. பாலாடையில் புகட்டினால் குடித்துவிட்டு உதட்டை நக்கியவை. காலையில் குடித்தது மத்தியானம் குடிக்காது. நிறம் சாம்பலாகும். வயிறு உப்பும். மருந்து ஏற்றுவதற்குள் முடிந்துவிடும். ரத்தத்தைப் பரிசோதித்ததில் மூன்று பேரிடமும் ஒரே கிருமி.

பெரிய டாக்டர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். அவர் மைசூர் பக்கத்துக்காரர். எங்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றவர்.

"நோடம்மா, பாருங்க, ஒரே கிருமி மூணு குழந்தைக்கு வந்தா அது வெளியில இருந்து வந்தது இல்ல. இங்கேயே எங்கேயோ குடியிருக்கு. அது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும்."

எனக்குத் தெரிய வேண்டியதும் அது ஒன்றுதான். ஆனால் நான் அதை வேறு மாதிரி கேட்டுக்கொண்டேன். அது என் கையா, இல்லையா?

மறுநாள் லேப்பிலிருந்து ஒரு தம்பி பஞ்சுக் குச்சிகளோடு வந்தார். எதைப் பார்த்தாலும் குச்சியால் தடவிக் குழாயில் போட்டு மூடினார். தண்ணீர்க் குழாய், தராசு, ஏசி, பால் சூடாக்கும் பாத்திரம், சிஸ்டரின் பேனா. பெரிய டாக்டரின் போனைத் தடவும்போது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண்ணைப்போல அவர் தலைகுனிந்து நின்றார். மூன்று சாவுக்குப் பிறகு வாசல் செக்யூரிட்டி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். லேப் தம்பி அதையும் தடவப் போனார்.

"அரே சாப், அது பழம் இல்ல. காவல். கை வெக்காதீங்க!"

"காவல் காக்குதான்னுதான் பாக்குறேன் பாய்."

"பாத்துட்டா பவரு போயிடும் சாப்!"

தடவிவிட்டார். பவர் போனதா என்று தெரியவில்லை. செக்யூரிட்டி மட்டும் மத்தியானம் வரை அவரிடம் பேசவில்லை.

கடைசியில் எங்கள் கைகள். வழுவழுப்பான மாவு போன்ற ஒன்றை ஊற்றி உறையவைத்த தட்டுகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் தட்டில் கையை அழுத்த வேண்டும். கையில் கிருமி இருந்தால் அது தட்டில் முளைத்துவிடுமாம். நான் போய் நாற்பது எண்ணிக் கழுவிவிட்டு வந்து அழுத்தினேன். போதாது என்று தோன்றியது. மறுபடி ஒரு நாற்பது எண்ணிக் கழுவிவிட்டு இன்னொரு கையை அழுத்தினேன். ஒக்கலிபுரத்துக்காரி வழக்கம்போல இரண்டு சொட்டு ஸ்பிரிட் தேய்த்துவிட்டு வந்து அழுத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து ரிசல்ட் வந்தது.

எலுமிச்சம்பழத்தில் அந்தக் கிருமி இல்லை. செக்யூரிட்டியின் நாற்காலியில் இல்லை. பத்து வருஷமாக யாரும் துடைக்காத மின்விசிறியில்கூட இல்லை. ஒக்கலிபுரத்துக்காரியின் தட்டு கழுவிக் கவிழ்த்த மாதிரி இருந்தது. பெரிய டாக்டரின் தட்டில் இருந்தது. இன்சார்ஜ் சிஸ்டரின் தட்டில் அதைவிட அதிகம். என் தட்டைத் தம்பி மூடியோடு கொண்டுவந்து, கொஞ்சம் தயங்கித் திறந்தார். வெந்தயக்கீரை விதைத்த தொட்டி மாதிரி பத்து விரலும் முளைத்திருந்தது.

"தட்டு மாறிப்போச்சு தம்பி" என்றேன்.

"பேரு எழுதிக்கீதுமா."

"பேரு மாத்தி எழுதிக்கீற. இது அவ தட்டு."

ஒக்கலிபுரத்துக்காரி தன் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இன்னா அக்கா, தண்ணி படாத கையின்னியே. கண்ணாடி மாதிரி கீது பாரு."

"மூடுடி வாய."

"நான் மூடிக்கிறேன். நீ மொதல்ல அந்தத் தட்ட மூடு, பறந்து வந்துடப் போவுது."

மறுபடி பரிசோதிக்கச் சொன்னேன். இந்தத் தடவை மூன்று நாற்பது கழுவினேன். கை சிவந்துபோனது. முதல் தடவையைவிட அதிகமாக முளைத்தது. என் வாழ்நாளில் அப்படி ஓர் அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. பெற்ற பிள்ளை ஊரார் முன்னால் 'இவள் என் அம்மா இல்லை' என்று சொன்ன மாதிரி, என் கையே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

உடனே மேலிடத்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. கைகளில் கிருமி இருப்பதால் இனி எல்லோரும் இரண்டு மடங்கு நேரம் கை கழுவ வேண்டும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தொட்டிக்கு மேலே ஒட்டினார்கள். நான் எண்பது வரை எண்ண ஆரம்பித்தேன். எழுபதில் கையெடுத்த ஒரு டாக்டரை ஒன்றிலிருந்து கழுவவைத்தேன். பாட்டில் சீக்கிரம் குறைந்தது. நான் அடிக்கடி நிரப்பினேன். 

அந்த வாரம் நான்காம் வார்மரில், அதாவது சூடு கொடுக்கிற தொட்டிலில், இருந்த பெண் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

அது நீலசந்திராவிலிருந்து வந்த குழந்தை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் கூட. அம்மா கார்மெண்ட்ஸில் டெய்லர். நான்கு தடவை கலைந்து ஐந்தாவதாகத் தங்கியது. தினமும் வந்து, நான் எண்ணுவதற்கு முன்னாலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். "உன் கைய பாத்தாதான் எனக்குத் தைரியமா கீது ஆயாம்மா" என்பாள். அன்றைக்குக் குழந்தை பால் குடிக்கவில்லை. நிறம் மாற ஆரம்பித்திருந்தது. அவள் என் கையைப் பார்த்தாள். நான் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன்.

லேப் தம்பி மறுபடி வந்தார். தடவ இடமில்லை. எல்லாவற்றையும் தடவியாகிவிட்டது. கையில் ஒரே ஒரு குச்சி மிச்சமிருந்தது.

"சோப்ப பாத்தியா?" என்று ஒக்கலிபுரத்துக்காரி கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரித்தார். நான்காம் வார்மரைப் பார்த்துக்கொண்டே நானும் சிரித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். "சோப்புக்கே சோப்பு போடணும்கிறா இவ" என்றேன். தம்பி மட்டும், மிச்சமிருக்கிற குச்சியை வீணாக்குவானேன் என்று, பாட்டிலின் வாயில் ஒரு தடவு தடவி, கொஞ்சம் சோப்பையும் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டே நாளில் ஓடி வந்தார். தட்டில் இடமில்லாமல் முளைத்திருந்தது. சீல் உடைக்காத கேனைத் திறந்து பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. கேனில் இல்லாத கிருமி பாட்டிலில் எப்படி வந்தது? தம்பி சொன்ன விளக்கம் எனக்குப் புரிந்தது. அடியில் பழைய சோப்பு கிடந்துகொண்டே இருக்கிறது. அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் அதன் வீரியம் போய்விடுகிறது. எங்கிருந்தோ ஒரு கிருமி உள்ளே விழுகிறது. அது அங்கேயே குடும்பம் நடத்துகிறது. மேலே புதுசு ஊற்ற ஊற்ற அதற்குச் சாப்பாடு. எவ்வளவுக்கெவ்வளவு கழுவினோமோ அவ்வளவுக்கவ்வளவு பூசிக்கொண்டோம்.

பெரிய டாக்டர் அறையில் மீட்டிங். என்னையும் கூப்பிட்டார்கள். ஒக்கலிபுரத்துக்காரியை வெளியே நிற்கவைத்தார்கள். ஏன் என்று சிஸ்டர் என் காதில் சொன்னார்:

"அவ மட்டும் சோப்பத் தொடவே இல்ல, பாத்தீங்களா? சோப்புல ஏதோ இருக்குன்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. சோப்ப டெஸ்ட் பண்ணுன்னு சொன்னதும் அவதான். மேலிடத்துல அவள நிறுத்தச் சொல்றாங்க."

சுத்தமான கை இருந்ததற்காக ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள். உலகத்தில் எங்காவது நடக்குமா?

மேஜை மேல் ஒரு படிவம் இருந்தது. குழந்தை இறந்ததற்கான காரணத்தை எழுதுகிற படிவம். அதில் தாய், குழந்தை, இயந்திரம், ஊழியர், மற்றவை என்று கட்டங்கள். சோப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பேச்சு நடந்தது. பாட்டிலில் பம்ப் இருப்பதால் அது இயந்திரம் என்றார் ஒருவர். இயந்திரம் என்றால் இஞ்சினியர் கையெழுத்து போட வேண்டும், அவர் போடமாட்டார் என்றார் இன்னொருவர். மற்றவை என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள் என்றார் கிளார்க்.

நான் எழுந்தேன். "சார், பாட்டில்ல ஊத்துனது நானு. நாலு வருஷமா காலி பண்ணாம மேல மேல ஊத்துனேன். தண்ணியும் கலந்தேன்."

"அம்மா, ஸ்வல்ப கூத்கொள்ளி" என்று பெரிய டாக்டர் கையமர்த்தினார். "சோப்பு எந்தக் கட்டம்னு இன்னும் முடிவாகல."

உட்காரச் சொல்கிறார். நான் உட்காரவில்லை. "கட்டம் கெடக்கட்டும் சார். வெளியில நிக்கிறவளுக்கும் இதுக்கும் ஒண்ணும் சம்பந்தம் இல்ல. அவ அந்த பாட்டில ஒரு நாள் தொட்டதில்ல. நிரப்பவும் நான் வுட்டதில்ல."

 பிறகு இன்சார்ஜ் சிஸ்டர் தொண்டையைச் செருமினார். "மேனேஜ் பண்ணச் சொன்னது நான்தான் சார். தண்ணி கலக்குறது எனக்கும் தெரியும். எங்க வீட்லயும் பாத்திரம் தேய்க்கிறதுக்கு அப்படித்தான்." பெரிய டாக்டர் படிவத்தை ஓரமாகத் தள்ளினார். "நானு கூட ஷாம்பூ பாட்டில்ல கடைசியில தண்ணி விட்டுக் குலுக்குவேன்" என்றார். கிளார்க் தன் வீட்டு ஹேண்ட்வாஷைச் சொன்னார். ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக் குளியலறையை ஒப்புக்கொண்டார்கள். லேப் தம்பியும் வேகத்தில், "எங்க லேப் தொட்டியிலயும் அதே மாதிரி பாட்டில்தான்..." என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். அவர் எழுந்து லேப்புக்கு ஓடினார்.

வெளியே வந்தேன். ஒக்கலிபுரத்துக்காரி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"உள்ள போ, வேலயப் பாரு. உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"இன்னா அக்கா, எனக்காகப் போயி சொன்னியா?"

"உனக்காக இன்னாத்துக்குடி சொல்றேன்? என் சோப்பு அது. நாலு வருஷம் நான் காப்பாத்துன பாட்டிலு. அத உன் பேருல போவ வுடுவேனா?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "பெருமைக்கு ஒரு அளவு இல்லியா அக்கா உனக்கு?"

இல்லைதான்.

பழைய பாட்டில்களை மஞ்சள் பையில் கட்டி எரிக்க அனுப்பினார்கள். தீர்ந்தால் தூக்கிப்போடுகிற சீல் வைத்த சின்ன பாட்டில்கள் வந்தன. ரத்தத்தில் அதே கிருமிதான் என்று தெரிந்துவிட்டதால் நான்காம் வார்மர் குழந்தைக்கு மருந்தை மாற்றினார்கள். புதிதாக யாருக்கும் வரவில்லை. படிவத்தில் என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். 'பரிசீலனையில்' என்று கிளார்க் சொன்னார்.

பெரிய டாக்டர் தனியாக இருந்தபோது போய் நின்றேன். "சார், போன மூணு புள்ளைங்களும் என் கையாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. எல்லார் கையிலயும் அதே சோப்பு. என் கையிலயும்தான்."

"உங்க கைய நான் கேக்கல சார். என் கைய கேக்குறேன். ஆமாவா, இல்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கலாம்" என்றார்.

உண்மையைச் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. அந்த மூன்று தாய்மார்களின் முகமும் எனக்குத் தெரியும். வீடு தெரியாது. தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

நான்காம் வார்மர் குழந்தை நாலைந்து நாளில் நிறம் தேறியது. பிறகு பால் குடித்தது. பிறகு அழுதது. எதற்கென்று இல்லாமல் அழுதது. நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டோம். எடை ஏறியதும் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அம்மாக்காரி புதுப் புடவை கட்டி வந்திருந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். வாசல் தொட்டி அருகே என்னைப் பார்த்ததும், குழந்தையோடு அப்படியே குனிந்து என் காலைத் தொடப் பார்த்தாள்.

"உன் கையிதான் ஆயாம்மா என் புள்ளய காப்பாத்துச்சி."

நான் பின்னால் நகர்ந்தேன். "எழுந்திரு. என் கைதான் உன் புள்ளைக்குக் காய்ச்சல் குடுத்துது. நான் ஊத்தி வெச்ச சோப்புலதான் கிருமி இருந்துது. டாக்டருக்கும் தெரியும்."

அவள் நிமிர்ந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 

"இத இன்னாத்துக்கு இப்ப சொல்ற? சொல்லாம இருந்திருந்தா கால்ல வுழுந்துட்டுப் போயிருப்பேன்."

"அதுக்குத்தான் சொன்னேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். "புடி" என்று குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். பஞ்சு மூட்டை மாதிரிதான் இருந்தது, ஆனால் சூடாக இருந்தது. அவள் வளையலைக் கழற்றி இடுப்பில் செருகினாள். புது பாட்டிலை முழங்கையால் அழுத்தி சோப்பு எடுத்தாள். விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு, முழங்கை என்று நான் கற்றுக்கொடுத்த மாதிரியே தேய்த்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே வருகிறவர்கள்தான் கழுவ வேண்டும், வெளியே போகிறவர்களுக்கு அவசியமில்லை என்று நான் சொல்லவில்லை. முழுசாக எண்ணி முடித்து, கையை உலர்த்திவிட்டு வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தாள்.